பட்டுப்புழுவும் பருத்தி மருந்தும்

சில மாதங்களுக்கு முன் ஒரு சங்கத்தின் கணக்குப் புத்தகங்களைப் பார்வையிடச் சென்றிருந்தேன். வேலை முடிந்து புறப்படும் சமயத்தில் அங்கத்தினர் இருவர் வந்து நின்றனர். இருவரும் ஒரே வரப்புக்கு இருபுறமும் நிலம் உடையவர்கள். மூத்தவர் மல்பெரி பயிரிட்டுப் பட்டுப்புழு வளர்ப்பவர். இளையவர் பருத்தி விளைவிப்பவர். ஒரு மாத காலமாக இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை என்று காரியதரிசி என் காதில் சொன்னார்.

நடந்தது இதுதான். மூத்தவர் சங்கத்தில் கடன் பெற்று முட்டைத் தொகுதிகள் வாங்கினார். மூன்று வாரங்களுக்கு மேல் குடும்பத்தோடு இரவு பகலாகப் பாடுபட்டார். புழுக்கள் ஐந்தாம் பருவத்தில் இருந்தன. கூடு கட்ட மூன்று நாட்களே இருந்தன. ஒரு நாள் காலை வழக்கம்போல இலை போட்டார். மாலைக்குள் புழுக்கள் தலையைத் தூக்கித் தூக்கி ஆட்டின. பச்சை நீரைக் கக்கின. உடல் முறுக்கிச் சுருண்டன. மறுநாள் அவற்றைத் தட்டுத் தட்டாக அள்ளிக் குழியில் கொட்டினார். இலை பறித்ததற்கு முந்திய மாலை அடுத்த வயலில் பருத்திக்கு மருந்து தெளித்திருந்தார்கள். அப்போது காற்று மல்பெரித் தோட்டத்தை நோக்கி வீசியது.

இளையவர் வஞ்சகம் அறியாதவர். அவர் சொன்னார்: “ஐயா, அண்ணனுக்கு நஷ்டம் வந்ததிலே எனக்கும் வருத்தந்தான். ஆனால் அந்த மருந்தை நானேதான் கலக்கினேன். முழங்கை வரைக்கும் பட்டது. கொஞ்ச நேரம் சுறுசுறுவென்று எரிந்தது, அப்புறம் ஒன்றுமில்லை. வாளி வாளியாய்க் கலக்கின என்னை ஒன்றும் செய்யாத மருந்து, காற்றிலே போன துளியாலே இத்தனை புழுவைக் கொன்றுபோடுமா? இலையிலே வேறு ஏதோ நோய் இருந்திருக்கும்.”

நஷ்ட ஈடு பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. அச்சங்கத்தின் உபவிதிகளிலும் அதற்கு இடம் இல்லை. ஆனால் அவருடைய கேள்வி நியாயமான கேள்வி. கல்லூரியில் பிராணி சாஸ்திரம் படித்தவன் என்ற முறையில், அதற்கு விடை தேடுவது என் கடமை என்று எண்ணினேன். தேடிக் கண்டதை மற்றச் சங்கங்களின் அங்கத்தினர்களும் அறியும் பொருட்டு இங்கே எழுதுகிறேன்.

ஏற்றமும் மதகும்

மனிதன், மாடு, புழு, ஈ ஆகிய எல்லா உயிர்களின் உடலும் கண்ணுக்குத் தெரியாத சிறு உயிரணுக்களால் ஆனது. ஒவ்வோர் உயிரணுவையும் கொழுப்பாலான மெல்லிய சவ்வு ஒன்று சூழ்ந்திருக்கிறது. சவ்வுக்கு உள்ளேயும் வெளியேயும் இருப்பது உப்பு கரைந்த நீர். உப்பு நீரில் கரையும்போது மின்சாரம் ஏற்ற நுண்துகள்களாகப் பிரிகிறது. இத்துகள்களுக்கு அயனிகள் என்று பெயர். சோடியமும் பொட்டாசியமும் அவற்றுள் முக்கியமானவை.

கொழுப்புச் சவ்வின் வழியே அயனி தானாக நுழைய முடியாது. அதற்கென்று சவ்வில் புரதங்கள் பதிந்திருக்கின்றன. அவை இரண்டு வகைப்படும். ஒரு வகை, கிணற்றிலிருந்து நீரை மேலே இறைக்கும் ஏற்றத்தைப் போன்றது. உணவினால் கிடைக்கும் சக்தியைச் செலவிட்டு, அயனிகளைக் குறைவான இடத்திலிருந்து மிகுதியான இடத்துக்குத் தள்ளுவது அதன் வேலை. மற்றொரு வகை, ஏரிக்கரையின் மதகைப் போன்றது. அது திறந்தால், தேங்கி நின்ற அயனி பள்ளம் நோக்கிப் பாயும் நீர்போலத் தானே பாயும்.

டென்மார்க் நாட்டு விஞ்ஞானியான யென்ஸ் ஸ்கௌ என்பவர் 1957-ஆம் ஆண்டில் நண்டுக் காலின் நரம்புகளை ஆராய்ந்து இந்த ஏற்றப் புரதத்தைக் கண்டார். அது ஒரு தடவை வேலை செய்யும்போது மூன்று சோடிய அயனிகளை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசிய அயனிகளை உள்ளே எடுத்துக்கொள்கிறது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஸ்கௌவுக்கு 1997-இல் நோபல் பரிசின் பங்கு கிடைத்தது. இந்த ஏற்றம் ஓயாது இறைப்பதனால்தான் நம் நரம்பணுக்களின் வெளிப்புறத்தில் சோடியம் நிறைந்த ஏரியைப் போல் தேங்கி நிற்கிறது.

மதகின் வேலையை இங்கிலாந்தைச் சேர்ந்த ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்னும் இருவர், கடலில் வாழும் கணவாய் இனப் பிராணி ஒன்றின் பருத்த நரம்பைக் கொண்டு விளக்கினர். அவர்களுடைய கட்டுரைகள் 1952-இல் வெளிவந்தன. 1963-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். நரம்பில் ஒரு செய்தி செல்வது எப்படி என்றால், முதலில் ஓரிடத்துச் சோடிய மதகு திறக்கிறது. சோடியம் உள்ளே பாய்கிறது. அப்பாய்ச்சலால் அடுத்த மதகு திறக்கிறது. இவ்வாறு செய்தி ஓடிக்கொண்டே போகிறது. திறந்த மதகு ஏறக்குறைய ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் மூடிக்கொள்கிறது.

இந்த மூடுதல் முக்கியமானது. நெசவாளச் சகோதரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மிதியை அழுத்தினால் பாவு விரிகிறது, நாடா பாய்கிறது, உடனே பாவு மாறி மூட வேண்டும். விரிந்தது விரிந்தபடியே நின்றால் நாடா எத்தனை முறை ஓடினாலும் துணி நெய்ய முடியாது. நரம்பின் கதியும் அதுவே.

மூடாத மதகு

சாமந்திக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பூவின் பொடி பூச்சிகளைக் கொல்லும் என்பது நெடுங்காலமாக அறிந்த செய்தி. அப்பூவுக்குப் பைரீத்ரம் என்று பெயர். ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டில் அது பெரும் பயிராக விளைந்தது. ஆனால் பூவின் சத்து வெயில் பட்டால் விரைவில் கெட்டுவிடும். ஆதலால் வயலுக்கு உதவவில்லை. 1973-இல் இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டட் ஆராய்ச்சி நிலையத்தில் மைக்கேல் எலியட்டும் அவருடைய துணைவர்களும், வெயிலைத் தாங்கக்கூடிய பெர்மெத்ரின் என்னும் மருந்தைச் செய்து வெளியிட்டனர். தொடர்ந்து சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் முதலியவை வந்தன. இவற்றுக்குப் பைரித்ராய்டுகள் என்பது பொதுப்பெயர். மேற்சொன்ன வரப்புத் தகராறில் தெளிக்கப்பட்டதும் இவ்வகையில் ஒன்றே.

இம்மருந்து செய்வது ஒரே காரியம். அது சோடிய மதகின் உடலில் போய் ஒட்டிக்கொண்டு, திறந்த மதகை மூடவிடாமல் தடுக்கிறது. ஒரு செய்தி போக வேண்டிய இடத்தில் நூறு செய்திகள் ஓடுகின்றன. தசைகள் இழுக்கின்றன; உடல் நடுங்குகிறது; பின்னர் நரம்பு ஓய்ந்து பூச்சி மடிகிறது. புழு தலையை ஆட்டியதும் பச்சை நீரைக் கக்கியதும் முறுக்கிச் சுருண்டதும் இதன் அடையாளங்களே. ஆகவே இலையில் வேறு நோய் இருந்திருக்கும் என்று கருத இடமில்லை.

மனிதன் தப்புவது ஏன்?

மனிதனுடைய நரம்பிலும் சோடிய மதகு உண்டு. பருத்திக்காரரின் கை சுறுசுறுவென்று எரிந்ததே, அது தோலின் நரம்பில் உள்ள மதகுகளை மருந்து தொட்டதன் விளைவு. அவர் பெரிய தீங்கின்றித் தப்பியதற்கு நான்கு காரணங்கள் உள்ளன.

முதலாவது, மதகின் அமைப்பு. மதகுப் புரதம் ஏறக்குறைய இரண்டாயிரம் அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட சங்கிலி. அதில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் பூச்சிகளுக்கு மெத்தியோனின் என்ற அமிலமும், பாலூட்டிகளுக்கு ஐசோலூசின் என்ற அமிலமும் அமைந்துள்ளன. 2000-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், எலியின் மதகில் இந்த ஒரே அமிலத்தை மட்டும் பூச்சிக்குரியதாக மாற்றிப் பார்த்தார்கள். எலியின் மதகு டெல்டாமெத்ரினுக்கு நூறு மடங்குக்கு மேல் எளிதாக வசப்பட்டது. இரண்டாயிரம் மணிகள் கோத்த மாலையில் ஒரு மணி மாறியதன் பலன் இது! மேலும் பாலூட்டிகளுக்கு ஒன்பது வகைச் சோடிய மதகுகள் உண்டு; அவை எல்லாம் மருந்துக்கு ஒரே அளவில் வசப்படுவதில்லை. பூச்சிகளிலோ இவ்வேலைக்கு உரிய மரபணு பொதுவாக ஒன்றே.

இரண்டாவது, உடற்சூடு. இம்மருந்து குளிர்ச்சியில் நரம்பை அதிகமாகப் பாதிக்கும். சூட்டில் குறைவாகப் பாதிக்கும். நம் உடல் 37 பாகையில் இருப்பது. முதிர்ந்த பட்டுப்புழுவை வைத்து வளர்ப்பது 24, 25 பாகையில்.

மூன்றாவது, ஈரல். பாலூட்டிகளின் ஈரல் இம்மருந்தை விரைவாகச் சிதைத்து வெளியேற்றிவிடுகிறது. இவ்விஷயத்தில் பூனை ஒரு விதிவிலக்கு. அதுவும் பாலூட்டியே ஆயினும், அதன் ஈரலுக்கு இச்சாமர்த்தியம் குறைவு. ஆதலால் நாய்க்குப் பூசும் பெர்மெத்ரினைப் பூனைக்குப் பூசினால் பூனை இறந்துவிடக்கூடும். மீன்களும் இவ்வாறே எளிதில் மடியும். தெளிப்பானை ஏரியிலோ குளத்திலோ கழுவுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

நான்காவது, உடலின் அளவு. நன்கு வளர்ந்த பட்டுப்புழுவின் எடை நாலைந்து கிராம். அறுபது கிலோ எடையுள்ள மனிதர் ஒருவர் பன்னிரண்டாயிரம் புழுக்களுக்கு மேல் நிகராவார்.

ஆக, மருந்து மனிதனைத் தீண்டாது என்பது தவறு. தீண்டும், அளவு மிகுந்தால் உயிருக்கும் அபாயம் உண்டு. மனிதனுக்கும் பூச்சிக்கும் இடையே உள்ள வேற்றுமை அளவில் உள்ள வேற்றுமையே. வெறுங்கையால் மருந்து கலக்குவது அந்த வேற்றுமையை வீணாகச் சோதித்துப் பார்ப்பதாகும்.

புழுவுக்கும் புழுவுக்கும் வேற்றுமை

காய்ப்புழுவும் பட்டுப்புழுவும் அந்துப்பூச்சிகளின் குஞ்சுகள். ஒரே வரிசையைச் சேர்ந்த பிராணிகள். ஒன்றைக் கொல்ல வந்த மருந்து மற்றொன்றை விட்டுவைக்க வழியில்லை. ஒரு வேற்றுமை இருக்கிறது. அதுவும் பட்டுப்புழுவுக்குப் பாதகமானது.

1950-களின் தொடக்கத்திலேயே, டி.டி.டி. மருந்துக்குச் சாகாத வீட்டு ஈக்களை விஞ்ஞானிகள் கண்டனர். டி.டி.டி.யின் பூச்சி கொல்லும் குணத்தை 1939-இல் கண்டறிந்த பால் முல்லர் 1948-இல் நோபல் பரிசு பெற்றார். அதற்குச் சில ஆண்டுகளுக்குள் இந்நிலை! அதிசயம் என்னவென்றால், அந்த ஈக்களுள் சில பைரீத்ரப் பூவுக்கும் அசையவில்லை. இரண்டு மருந்துகளும் ஒட்டுவது ஒரே சோடிய மதகில் என்பதே காரணம். மதகுச் சங்கிலியில் ஓரிடத்தில் லூசின் என்ற அமிலம் பினைல்அலனினாக மாறியிருந்தது என்று பிற்காலத்தில் தெரிந்தது. மருந்து தெளிக்கத் தெளிக்க, சாதாரணப் பூச்சிகள் மடிய, இவ்விதம் மாறியவை மட்டும் பிழைத்துப் பெருகுகின்றன. மருந்தை உடலுக்குள்ளேயே சிதைக்கக் கற்றுக்கொண்ட பூச்சிகளும் உண்டு.

நம் நாட்டுப் பருத்தியும் இதற்கு விலை கொடுத்தது. 1987-ஆம் ஆண்டுப் பருவத்தில் ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில் எத்தனை முறை பைரித்ராய்டு தெளித்தும் காய்ப்புழு சாகவில்லை. கடன் வாங்கி மருந்து வாங்கியவர்கள் காயையும் இழந்து கடனையும் சுமந்தனர்.

பட்டுப்புழுவோ பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதன் வீட்டுக்குள் வைத்து வளர்த்த பிராணி. மருந்து என்பதை அது கண்டதில்லை. எதிர்க்கும் சக்தியைப் பெறவும் அதற்குச் சந்தர்ப்பம் இல்லை. ஆதலால் வயலில் காய்ப்புழு பிழைத்திருக்கும் அளவு மருந்திலேயே, வரப்புக்கு அப்பால் பட்டுப்புழு மடிந்துபோகும். பருத்திக்காரர் மருந்தின் அளவைக் கூட்டும்போது காய்ப்புழுவுக்கு நேரும் தீங்கைவிடப் பட்டுக்காரருக்கு நேரும் தீங்கே பெரிதாகலாம்.

வயிற்றில் இயங்கும் ஏற்றம்

அப்படியானால் மனிதனுக்கும் மாட்டுக்கும் தீங்கில்லாத இயற்கை மருந்தாகிய பி.டி. பாக்டீரியாவைத் தெளிக்கலாமே என்று சிலர் கேட்கலாம். அதற்கும் விடை சவ்வுப் புரதங்களில்தான் இருக்கிறது.

இலை தின்னும் புழுவின் உணவில் பொட்டாசியம் மிகுதி. சோடியம் மிகக் குறைவு. அதன் இரத்தமும் அவ்வாறே. நரம்புக்கு வேண்டிய சிறிதளவு சோடியத்தை நரம்பைச் சுற்றியுள்ள உறை காத்து வைத்துக்கொள்கிறது. நம் குடல் சோடியத்தின் ஓட்டத்தைக் கொண்டு உணவின் சத்தை இழுத்துக்கொள்கிறது. புழுவின் குடல் பொட்டாசியத்தின் ஓட்டத்தைக் கொண்டு அதைச் செய்கிறது. ஹார்வி, நெடர்கார்ட் என்ற இரு விஞ்ஞானிகள் 1964-இல் அமெரிக்கக் காட்டுப் பட்டுப்புழு ஒன்றின் குடலைத் தனியே எடுத்து ஆராய்ந்து, சோடியத்தின் உதவியின்றியே அது பொட்டாசியத்தை இறைப்பதைக் காட்டினர். இந்த இறைப்பின் பயனாகப் புழுவின் குடல்நீர் கடுங்காரமாக, சோப்பு நீரையும் மிஞ்சும்படி இருக்கிறது. நம் இரைப்பையின் நீர் அதற்கு நேர் எதிரான அமிலம்.

பி.டி. பாக்டீரியாவின் நஞ்சு ஒரு புரதப் படிகம். காரக் குடலில் அது கரைந்து, குடற்சவ்வில் தனக்கு ஏற்ற புரதங்களைப் பற்றிக்கொண்டு, சவ்வில் துளையிடுகிறது. கரை உடைந்த ஏரியைப்போல அயனிகள் தாறுமாறாகப் பாய, புழு தின்பதை நிறுத்தி மடிகிறது. மனிதனிடத்தில் காரக் குடலும் இல்லை. அந்நஞ்சு பற்றிக்கொள்ளும் புரதமும் இல்லை. ஆகையால் மனிதனுக்குத் தீங்கில்லை என்பது உண்மையே. ஆனால் இந்த பாக்டீரியா உலகுக்கு முதன்முதல் தெரியவந்தது எவ்வாறு? 1901-இல் ஜப்பானில் இஷிவாட்டா என்பவர், பட்டுப்புழுக்களைத் திடீரென்று கொல்லும் நோய்க்குக் காரணம் தேடியபோதுதான் இதைக் கண்டார்! பட்டுப்புழுவுக்கு இது பழைய எமன்.

இங்கே பி.டி. பருத்திச் செடியை பி.டி. தெளிப்போடு ஒன்றாக எண்ணலாகாது. நம் நாட்டில் 2002-இல் அனுமதி பெற்ற அச்செடியில் நஞ்சு செடிக்குள்ளேயே இருக்கிறது; தெளித்த மருந்தைப்போலக் காற்றில் துளியாகப் பறந்து அயலான் இலையில் படிவதில்லை. ஆனால் 2009-இல் குஜராத்தில், அப்பருத்தியின் முதல் நஞ்சை எதிர்த்து நிற்கும் இளஞ்சிவப்புக் காய்ப்புழு கண்டுபிடிக்கப்பட்டது. புழு எதிர்த்து நிற்கும் இடங்களில் தெளிப்பானை மறுபடியும் எடுக்க நேர்கிறது. வரப்புத் தகராறு இத்துடன் தீர்ந்துவிடும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

நாம் செய்யக்கூடியது

மருந்துப் புட்டியின் மேல் மனிதனுக்கு அபாயம் குறைவு என்று குறித்திருக்கலாம். அக்குறிப்பு பட்டுப்புழுவைப் பற்றி நமக்கு ஒன்றும் சொல்வதில்லை. காய்ப்புழுவையும் பட்டுப்புழுவையும் பிரித்தறியும் அறிவு மருந்துக்கு இல்லை. அது மனிதரிடத்தில்தான் இருக்க வேண்டும். ஆகவே, ஒரே ஊரில் பருத்தியும் மல்பெரியும் உள்ள சங்கங்கள் பின்வருவனவற்றை ஆலோசிக்கலாம்.

1. மருந்து தெளிக்கும் அங்கத்தினர் முந்திய நாளே சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் நாளையும் மருந்தின் பெயரையும் எழுதுதல்.

2. மல்பெரிப் பக்கம் காற்று வீசும் வேளையில் தெளிக்காதிருத்தல். வரப்பை ஒட்டிய சில வரிசைகளை மருந்தின்றி விடுதல்.

3. பட்டுக்காரர்கள் புது மல்பெரித் தோட்டத்தைப் பருத்தி வயலிலிருந்து விலக்கி அமைத்தல். இயலாவிடில் நடுவில் உயரமான வேலிப்பயிர் வைத்தல்.

4. இலையில் சந்தேகம் ஏற்பட்டால், முதலில் சில புழுக்களுக்கு மட்டும் தனித் தட்டில் இட்டு ஒரு நாள் பார்த்த பின்னரே மற்றவற்றுக்கு இடுதல்.

5. பருத்தி மருந்து தெளித்த தெளிப்பானை மல்பெரிக்கு உபயோகியாதிருத்தல். தெளித்த உடையோடு புழு வளர்ப்பு மனைக்குள் நுழையாதிருத்தல்.

6. ஒரே வகை மருந்தைத் திரும்பத் திரும்பத் தெளிக்காமலும், பூச்சியின் அளவைப் பார்க்காமல் நாட்கணக்கில் தெளிக்காமலும் இருத்தல். இதனால் காய்ப்புழு எதிர்ப்புப் பெறுவதும் தாமதமாகும், செலவும் குறையும்.

இவற்றுள் பெரும்பாலானவற்றுக்குப் பணம் வேண்டியதில்லை. அயலானுக்கு ஒரு வார்த்தை சொல்லும் மனமே வேண்டும். பட்டு நெய்யும் அங்கத்தினருக்கும் இதில் அக்கறை உண்டு. கூடு இல்லையேல் நூல் இல்லை.

அடுத்த முறை அச்சங்கத்துக்குச் சென்றபோது, மேலே எழுதியவற்றை அவ்விருவருக்கும் உட்கார்ந்து சொன்னேன். பருத்திக்காரர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அண்ணே, என் கை எரிந்ததும் உங்கள் புழு துடித்ததும் ஒரே காரணத்தால்தான் என்று எனக்குத் தெரியாது” என்றார். மூத்தவர், “எனக்கும் தெரியாது, தம்பி, நீ வேண்டுமென்றே செய்ததாகத்தான் நினைத்திருந்தேன்” என்றார்.

கடன் பாக்கி இன்னும் இருக்கிறது. தவணையை நீட்டித்துத் தர நிர்வாகக் கமிட்டி தீர்மானித்திருக்கிறது. நான் புறப்படும்போது அறிவிப்புப் பலகையைக் கவனித்தேன். முதல் வரியில் பருத்திக்காரரின் பெயரும், மறுநாள் தேதியும், மருந்தின் பெயரும் எழுதியிருந்தன.